நாளொன்றுக்கு ஒரு சாண்

விண்கலக் கவசச் சோதனைச்சாலையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்குச் சுடப்பட்ட மிளகு அளவு அலுமினியக் குண்டு, அறுநூறு மீட்டர் தள்ளியிருந்த ஒரு வீட்டின் ஹாலுக்கு வந்து சேர எட்டு வருடம் இரண்டு மாதம் ஆனது. வழியில் அது எங்கும் நிற்கவில்லை, வேகமும் குறையவில்லை. வேகமானி காட்டியது நொடிக்கு ஏழு கிலோமீட்டர். அளவு நாடாவைப் பிடித்துப் பார்த்தால் நாளொன்றுக்கு ஒரு சாண். இரண்டையும் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்கள், அதே அளவுதான். இயக்குநர் இரண்டு எண்ணையும் பதிவேட்டில் எழுதச் சொன்னார். வேகம் என்று ஒரே ஒரு கட்டம்தான் இருந்ததால் ஒன்றை மற்றதன் தலைமேல் பொடி எழுத்தில் எழுதினார்கள்.

அந்தச் சோதனைச்சாலையில் நடக்கும் வேலை என்ன என்று ஊரில் எல்லோருக்கும் ஒருவாறு தெரியும். பூமிக்கு மேலே பழைய ராக்கெட்டின் துண்டு, கழன்ற திருகாணி, உதிர்ந்த பெயின்ட் என்று குப்பை ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. பெருக்குவதற்கு ஆள் கிடையாது. பெயின்ட் துணுக்கு ஒன்று அந்த வேகத்தில் வந்து மோதினால் விண்கலத்தின் ஜன்னலில் பள்ளம் விழும். மிளகு அளவு உலோகம் மோதினால் சுவரே கிழியும். அதற்குப் பயந்து கனமான சுவராகக் கட்டினால் விண்கலம் தரையை விட்டுக் கிளம்பாது. அதனால் முன்னால் மெல்லிய தகடு ஒன்றை நிறுத்தி, நான்கு விரற்கடை தள்ளிப் பின்சுவரை வைப்பார்கள். வருகிற துகள் முன்தகட்டைத் துளைக்கிற அதே கணத்தில் தானும் பொடியாகிவிடும். பொடி இடைவெளியில் குடையாக விரிந்து போய், பின்சுவரில் ஒரே குத்தாக விழாமல் நூற்றுக்கணக்கான சின்னத் தட்டுகளாக விழும். சூட்சுமம் எல்லாம் அந்த இடைவெளியில் இருக்கிறது. இரண்டையும் ஒட்டி வைத்தால் வேலைக்கு ஆகாது என்று அங்கே டீ கொண்டுவருகிறவர்கூடச் சொல்லிவிடுவார்.

சுடும் பொத்தானை அழுத்துவது ஒரு அம்மாவின் வேலை. ஊரில் அவருக்குப் பொத்தான்காரம்மா என்றே பெயர். சோதனைக் கலத்துக்குள் தகட்டைப் பொருத்துவது அவருடைய கணவரின் வேலை, அவர் தகட்டுக்காரர். ஒவ்வொரு முறையும் சுடுவதற்கு முன்னால் அந்த அம்மா, "தகடு வச்சாச்சா?" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும், அவர், "வச்சாச்சு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது விதி. கை ஜாடை செல்லாது, தலையாட்டல் செல்லாது. பதினோரு வருடத்தில் நானூற்றுப் பதினாறு முறை அவர் கேட்க, இவர் சொல்ல, ஒரு குறையும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. நானூற்றுப் பதினேழாவது சோதனைக்கு முதல்நாள் வீட்டில் பீரோவை நகர்த்தினார்கள். சுவரிலிருந்து நான்கு விரற்கடை இடைவெளி விடுங்கள் என்று அந்த அம்மா சொன்னார். வீட்டிலுமா என்று கேட்டுவிட்டுத் தகட்டுக்காரர் பீரோவைச் சுவரோடு ஒட்டித் தள்ளினார். பேச்சு பீரோவில் கிளம்பி, அவருடைய அக்காவைத் தொட்டு, இவருடைய அப்பாவை இழுத்து, கல்யாண போட்டோவில் யார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது என்பதுவரை போய், அங்கே அறுந்து விழுந்தது. மறுநாள் ஒரே ஸ்கூட்டரில்தான் வேலைக்கு வந்தார்கள், வழியெல்லாம் ஒரு வார்த்தை இல்லை. பதினொன்றே காலுக்கு அந்த அம்மா கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பொத்தான் அழுத்தப்பட்டது. தகடு, பின்சுவரும் சேர்ந்த ஒரே கட்டாக, மேசைமேல் உறை பிரிக்காமல் கிடந்தது.

குழலை விட்டு வெளியே வந்த குண்டு, மோதுவதற்கு எதிரே ஒன்றும் இல்லாததைக் கண்டு அவசரத்தை விட்டுவிட்டது. கண்ணாடி வழியாகப் பார்த்தவர்களுக்கு அது தரையிலிருந்து சரியாக ஒரு மீட்டர் உயரத்தில், நிற்கிறதா போகிறதா என்று தெரியாமல் மின்னிக்கொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் கால் சாண் நகர்ந்திருந்தது. இயக்குநர் பொறுமையான மனிதர். தகட்டை இப்போது கொண்டுபோய் முன்னால் நிறுத்தினால் போயிற்று, ஐந்து நிமிட வேலை என்றார். ஆனால் தவறிய தகட்டை மறுபடி பொருத்த ஒரு படிவம் உண்டு. பொருத்துகிறவரும் சுடுகிறவரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும், வேறு யாரும் போட முடியாது. படிவத்தின் முதல் கேள்வி, தகடு ஏன் முன்பே பொருத்தப்படவில்லை என்பது. அந்த அம்மா, 'அவர் சொல்லவில்லை' என்று எழுதினார். தகட்டுக்காரர், 'அவர் கேட்கவில்லை' என்று எழுதினார். இரண்டு காரணமும் ஒன்றாக இருந்தால்தான் ஏற்க முடியும் என்று மேலிடம் படிவத்தைத் திருப்பி அனுப்பியது. திருத்தி எழுதச் சொன்னபோது இருவரும் அதே வார்த்தைகளை இன்னும் கொட்டை எழுத்தில் எழுதினார்கள். வருடத்துக்கு இரண்டு தடவை வீதம் எட்டு வருடமும் படிவம் இப்படிப் போய்வந்துகொண்டிருந்தது.

தன் தகட்டைத் தவிர வேறு எதையும் குண்டு தொட்டால் சோதனை செல்லாது என்பது இன்னொரு விதி. ஆகவே அதற்கு வழி விட்டார்கள். கலத்தின் பின்கதவு திறக்கப்பட்டது. அடுத்த சுவரில் ஒரு கை அகலத்துக்கு ஓட்டை போடப்பட்டது. அதற்கப்புறம் எங்கே போகும் என்று கோடு பிடித்துச் சொல்ல நகராட்சியின் சர்வேயர் வந்தார். அந்தச் சர்வேயரம்மா தகட்டுக்காரரின் சொந்த அக்கா. கல்யாணம் காட்சி வேண்டாம் என்று தம்பி வீட்டு மாடியில் இருப்பவர், ஊரில் ஒரு முழம் நிலம் அவர் கண்ணுக்குத் தப்பாது. மூன்று நாள் கோல் நட்டு, கயிறு கட்டி, முக்காலிமேல் இருந்த கருவியில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, நேராகத் தம்பி வீட்டுக்கு வந்தார்.

"டேய், கோடு உன் வீட்டு ஹாலுக்குள்ளதான்டா போகுது."

"அளவு தப்பா இருக்கும்க்கா."

"என் அளவா? மூணு தடவ அளந்தேன். வாசல் சுவர்ல உள்ள வந்து, சோபாவுக்கு மேல போய், பின்சுவர்ல வெளிய போகுது. போனா போகட்டும்னு ஓட்டை போட்டு விட்டுரலாம். ஆனா பின்னால என்ன இருக்குன்னு பாத்தியா?"

பின்னால் இருந்தது ஊரின் குடிதண்ணீர்த் தொட்டி. நான்கு லட்சம் லிட்டர். தொட்டியில் ஓட்டை போட்டு வழி விட முடியாது. அதை இடம் மாற்றவும் முடியாது. அன்று முதல் ஊரின் குடிதண்ணீர் ஒரு புருஷன் பெண்டாட்டி சண்டையை நம்பி இருந்தது. நகராட்சிக் கூட்டத்தில் இது குறித்துப் பேசியவர்கள், இன்னும் எட்டு வருடம் இருக்கிறது, அதற்குள் பேசிவிடுவார்கள் என்று தீர்மானம் போட்டுக் கலைந்தார்கள். கல்யாணம் ஆனவர்கள் மட்டும் கையெழுத்துப் போடத் தயங்கினார்கள் என்று நடவடிக்கைக் குறிப்பில் இருக்கிறது.

குண்டோடு கூடவே போக ஒருவர் நியமிக்கப்பட்டார். உத்தியோகத்தின் பெயர் தொடர் கண்காணிப்பாளர். ஊர் வைத்த பெயர் குண்டுக் காவலர். ஒரு ஸ்டூலும் குடையும் சிவப்புக் கொடியும் கொடுத்தார்கள். காலையில் வந்து ஸ்டூலை ஒரு சாண் தள்ளிப் போட்டுவிட்டால் அன்றைய பயணம் முடிந்தது. குண்டு கேன்டீனைக் கடக்க எழுபது நாள் ஆனது. டீ தம்ளரோடு குனிந்து அந்தப் பக்கம் போகக் கற்றுக்கொண்ட ஊழியர்கள், குண்டு போன பின்னும் ஒரு மாதம் அதே இடத்தில் குனிந்துகொண்டிருந்தார்கள். ரோட்டைத் தாண்ட நாற்பது நாள். அந்த நாற்பது நாளும் பஸ்கள் சுற்றிப் போயின. மழைத் துளிகள் அதைத் தொடாமல் விலகி விழுந்தன. சலூனுக்குள் நுழைந்தபோது சலூன்காரர் 'குனிந்து வரவும்' என்று பலகை மாட்டினார். வெட்டிய முடி ஒன்று பறந்துபோய் குண்டின்மேல் பட்டதும் வெடிச் சத்தம் கேட்டது, மூன்று கண்ணாடிகள் விரிசல் விட்டன. முடி ஒற்றை முடி என்பதால் அதைச் சோதனையில் சேர்க்க வேண்டியதில்லை என்று இயக்குநர் எழுதிக் கொடுத்தார். பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் குண்டு இருபத்தைந்து நாள் இருந்தது. அதை எதிரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பல்வலி மறந்துபோனது. பாதிப் பேர் டாக்டரைப் பார்க்காமலே எழுந்து போனார்கள். குண்டு அறையை விட்டுப் போகிற நாளை அவர் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தார்.

இந்த எட்டு வருடமும் தகட்டுக்காரரும் பொத்தான்காரம்மாவும் ஒரே வீட்டில் இருந்தார்கள், ஒரே ஸ்கூட்டரில் போய்வந்தார்கள், ஒரே சோதனைச்சாலையில் வேலை பார்த்தார்கள். அங்கே இருவருக்கும் நடுவில் ஒரு எழுத்தர் நின்று, அந்த அம்மா சீட்டில் எழுதிக் கொடுக்கும் கேள்வியை உரக்கப் படிப்பார். தகட்டுக்காரர் எழுத்தரின் முகத்தைப் பார்த்து, "வச்சாச்சுன்னு சொல்லுங்க" என்பார். வீட்டில் எழுத்தர் கிடையாது. அதனால் அந்த அம்மா சொல்ல வேண்டியதையெல்லாம் ஃபிரிட்ஜிடம் சொன்னார். அவர் தன் பதிலைச் செருப்பிடம் சொன்னார். "பால் தீந்துபோச்சு" என்று ஃபிரிட்ஜுக்குச் சொல்லப்பட்டால், "சாயங்காலம் வாங்கலாம்" என்று செருப்புக்குப் பதில் போகும். ஃபிரிட்ஜுக்கும் செருப்புக்கும் நடுவில் நல்ல புரிதல் இருந்தது. அதற்குச் சரிப்படாத பெரிய விஷயங்களுக்கு மாடியிலிருந்து சர்வேயரம்மா இறங்கி வர வேண்டும். "எனக்கு நிலம் அளக்கத்தான் சம்பளம் குடுக்கறாங்க" என்று சொல்லிக்கொண்டே அவரும் இந்த வாயிலிருந்து அந்தக் காதுக்குச் சேதி சுமந்தார்.

இருவருக்கும் வெறுப்பு இருந்ததாக யாரும் நினைக்க வேண்டாம். காய்ச்சல் வந்தால் தலைமாட்டில் மாத்திரையும் தண்ணீரும் இருக்கும். ஸ்கூட்டரில் போகும்போது மழை வந்தால் பின்னால் இருப்பவரின் குடை முன்னால் இருப்பவரின் தலைக்குத்தான் போகும். ஆனால் வாயைத் திறந்தால் முதலில் வர வேண்டிய வார்த்தை ஒன்று இருந்தது, அது இருவரிடமும் மாட்டிக்கொண்டிருந்தது. அதைச் சொல்லாமல் வேறு எதையும் சொல்ல முடியவில்லை. நாள் போகப்போக அது கனத்தது. முதல் வாரத்தில் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். மூன்றாவது வருடத்தில் அதை நினைத்தாலே அந்த அம்மாவுக்கு வயிற்றைப் பிசைந்தது. அவருக்கும் அப்படித்தான், ஆனால் அவர் அதை வாயுத் தொந்தரவு என்று நினைத்து மருந்து சாப்பிட்டார்.

எட்டு வருடமும் இரண்டு மாதமும் ஆகப்போகிற சமயத்தில் அவர்கள் வீட்டு வாசல் சுவரில் ஓட்டை போட ஆள் வந்தார்கள். இரண்டு நாளில் குண்டு உள்ளே வந்தது. ஹால் இருபத்திரண்டு சாண் நீளம், அதற்கப்புறம் வீட்டின் பின்சுவர், அதற்கப்புறம் தொட்டி. இயக்குநர் நானூற்றுப் பதினேழாம் எண் தகட்டை அதே பழைய உறையோடு கொண்டுவந்து ஹால் மூலையில் சாத்திவிட்டு, படிவத்தை மேசைமேல் வைத்து, அதன்மேல் பேனாவை வைத்து, ஒன்றும் சொல்லாமல் போனார். ஊர்க்காரர்களுக்கு அந்த அளவு பொறுமை இல்லை. சலூன்காரர் வந்து நலம் விசாரித்தார். பல் டாக்டர் வந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, இந்தத் தண்ணீரின் ருசியே தனி என்று இரண்டு தடவை சொன்னார். சுற்றியிருந்த வீடுகளில் அண்டா, வாளி, குளிக்கிற தொட்டி என்று கிடைத்ததிலெல்லாம் தண்ணீர் பிடித்து வைத்தார்கள். படிவம் வெள்ளையாகவே இருந்தது. குண்டு சோபாவுக்கு மேலே சாண் சாணாகப் போய்க்கொண்டிருந்தது. குண்டுக் காவலர் ஸ்டூலை ஹாலுக்குள் போட்டு, கூச்சத்தோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

எட்டுச் சாண் போன பிறகு ஒரு காலையில் தகட்டுக்காரர் சாப்பாட்டு மேசை நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்க் குண்டுக்கு இரண்டு சாண் முன்னால் போட்டு, அதைப் பார்த்த மாதிரி உட்கார்ந்தார். ஒரு மீட்டர் உயரம் என்பது உட்கார்ந்தவருக்கு நெஞ்சுக் குழி. காவலர் பதறிப்போய்க் கொடியைத் தூக்கிக் காட்டினார். தகட்டுக்காரர் செருப்பைப் பார்த்து, தகடு இருக்க வேண்டிய இடத்தில் யாராவது இருக்க வேண்டுமில்லையா, இத்தனை நாள் யாருமே இல்லை என்றார். வீரம் காட்டுவதற்காக அவர் அப்படிச் செய்யவில்லை. வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாத மனிதர் செய்கிற காரியம் அது. உள்ளுக்குள் நன்றாகவே பயந்தார். முதல் நாள் அந்த அம்மா அந்தப் பக்கம் பார்க்காமலே சமைத்தார், சாப்பாட்டை அவர் மடியில் வைத்துவிட்டுப் போனார். இரண்டாம் நாள் ஃபிரிட்ஜிடம் போய் நின்றார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றும் அதனிடம் சொல்ல வார்த்தை வரவில்லை. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குச் சர்வேயரம்மா டேப்பை வைத்து அளந்தபோது, குண்டுக்கும் தம்பியின் சட்டைப் பித்தானுக்கும் நடுவில் ஒரு விரற்கடைதான் இருந்தது.

"எந்திரிடா. விளையாட்டு போதும்."

தம்பி அசையவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்த அந்த அம்மா நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். ஃபிரிட்ஜைப் பார்க்கவில்லை, நாத்தனாரைப் பார்க்கவில்லை. எட்டு வருடத்தில் முதல் தடவையாகப் புருஷன் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"நான் பாத்தேங்க."

"என்ன பாத்த?"

"அன்னைக்கு. கண்ணாடி வழியா பாத்தேன். தகடு இல்ல. மேசை மேலதான் இருந்துச்சு. தெரிஞ்சேதான் அழுத்துனேன். நீங்களா வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு பாத்துட்டே நின்னேன். சொல்லல. கோவத்துல அழுத்திட்டேன்." அவருக்கு அழுகை வந்துவிட்டது. "எட்டு வருஷமா எல்லார்கிட்டயும் நீங்க சொல்லலன்னே சொல்லிட்டிருந்தேன்."

தகட்டுக்காரரும் செருப்பை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும்," என்றார். "நீ பாக்கறத நானும் பாத்தேன். மறந்தெல்லாம் போகல, வேணும்னேதான் வைக்கல. கேக்கட்டும்னு நின்னேன். நீ கேட்டிருந்தா, ‘இரு, இன்னும் வைக்கல’ன்னு சொல்லி வச்சிருப்பேன். அவ்ளோதான்."

"இத ஏன் சொல்லல இத்தன நாளா?"

"சொன்னா உன் வேலை போயிரும். என் வேலையும் போயிரும். அப்புறம்..."

"அப்புறம்?"

"அப்புறம் நீ முதல்ல சொல்லட்டும்னு இருந்தேன்."

"ரெண்டு பேரும் பேசி முடிச்சாச்சா?" என்று சர்வேயரம்மா கத்தினார். "குண்டு பித்தானத் தொடப்போகுது. முதல்ல எந்திரி!"

தகட்டுக்காரர் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. மூன்று நாள் ஒரே இடத்தில் உட்கார்ந்ததில் இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன. அக்கா ஒரு பக்கமும் பெண்டாட்டி ஒரு பக்கமும் பிடித்து நாற்காலியோடு சேர்த்துப் பின்னால் இழுத்தார்கள். காவலர் வேலையில் சேர்ந்த பிறகு முதன்முறையாக ஓடி வந்து அவர் காலைத் தூக்கினார். பத்திரமான இடத்துக்கு வந்ததும் அந்த அம்மா கணவரின் தோளில் ஓங்கி ஓர் அடி கொடுத்தார். அவர் வலிக்கிறது என்றார். இன்னொன்று விழுந்தது.

படிவத்தின் முதல் கேள்விக்கு இருவரும் தனித்தனியாகத் திரும்பி உட்கார்ந்து எழுதினார்கள். விதி அப்படி. சேர்த்துப் பார்த்தபோது இரண்டு கட்டத்திலும் 'வீம்பு' என்று இருந்தது. காரணங்கள் ஒன்றாக இருப்பதால் மேலிடம் இருபது நிமிடத்தில் அனுமதி கொடுத்தது. வேலையில் வைப்பதா நீக்குவதா என்ற கேள்வியை யாரும் எழுப்பவில்லை. வீம்புக்கு என்ன தண்டனை என்று எந்த விதியிலும் இல்லை. தகட்டுக்காரர் உறையைப் பிரித்தார். முன்தகட்டைக் குண்டுக்குக் கால் சாண் எதிரே நிறுத்தினார். சரியாக நான்கு விரற்கடை அளந்து பின்சுவரை வைத்தார். திருகாணிகளை ஒருமுறைக்கு இருமுறை முறுக்கினார். அன்று சாயங்காலம், வாசலில் கூடியிருந்த ஊர் ஜனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, குண்டு முன்தகட்டைத் தொட்டது. விரலைச் சொடுக்குகிற அளவுக்குத்தான் சத்தம் வந்தது. தகட்டில் மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வட்ட ஓட்டை விழுந்தது. அதற்கு அந்தப் பக்கம் குண்டு இல்லை. வெள்ளித் தூளாக ஒரு சிறு புகை நின்றது.

பொடியானதும் அதன் அவசரம் இன்னும் குறைந்துவிட்டது. நான்கு விரற்கடை இடைவெளியைக் கடக்க அந்தப் புகை பதினோரு நாள் எடுத்துக்கொண்டது. சோதனை முடியும்வரை சுடுகிறவர் தகட்டுக்கு முன்புறமும் பொருத்துகிறவர் பின்புறமும்தான் இருக்க வேண்டும், ஒருவரும் தாண்டக் கூடாது என்பது விதி. அதனால் பொத்தான்காரம்மா வாசல் பக்கத்து அறையில் மாட்டிக்கொண்டார், தகட்டுக்காரர் சமையலறைப் பக்கம் மாட்டிக்கொண்டார். முட்டை வேகவைக்கக்கூடத் தெரியாத மனிதர். அந்த அம்மா ஹாலின் இந்தக் கோடியிலிருந்து சத்தமாகச் சொல்லச்சொல்ல அவர் அந்தக் கோடியில் சமைத்தார். ஆனதைச் சர்வேயரம்மா பின்வாசலில் வாங்கி, வீட்டைச் சுற்றிக் கொண்டுபோய், ஜன்னல் வழியாக நீட்டினார். முதல் நாள் உப்பு எங்கே, மஞ்சள் டப்பா எது என்பதோடு பேச்சு நின்றது. இரண்டாம் நாளிலிருந்து எட்டு வருடத்துப் பாக்கி வர ஆரம்பித்தது.

நான்காம் வருடத்தில் தனக்குச் சிறந்த பொறியாளர் விருது கொடுத்த அன்று அவர் ஏன் வரவில்லை என்று அந்த அம்மா கேட்டார். வந்தேன், கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் நின்றேன், எல்லோரும் நிறுத்திய பிறகும் ஒரு ஆள் கை தட்டிக்கொண்டிருந்தது கேட்கவில்லையா என்றார் அவர். கேட்டது, யாரோ தெரியாத ஆள் என்று நினைத்தேன் என்றார் அந்த அம்மா. தனக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியது தெரியுமா என்று அவர் கேட்டார். தெரியாமல் என்ன, இவருக்கு ஊசி என்றால் மயக்கம் வரும், பேசிக்கொண்டே போடுங்கள் என்று டாக்டருக்கு முதல் நாளே போன் செய்து சொன்னது நான்தான் என்றார் அந்த அம்மா. அவர் கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு, அதனால்தானா அந்த ஆள் தன் மாமனாரைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார் என்றார். ஹாலின் நடுவில் புகை குடையாக விரிந்து, வெயில் படும்போது மினுங்கிக்கொண்டிருந்தது. தெருவில் போகிறவர்கள் வாசலில் நின்று கேட்டார்கள். யாரும் மறைந்து நின்று கேட்கவில்லை. அந்தச் சத்தத்துக்கு மறைய வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலையில் மணலைச் சலிக்கிற மாதிரி மெலிதாக ஒரு ஓசை கேட்டது, ஒரு நிமிடத்தில் நின்றது. தகட்டுக்காரர் டார்ச்சை அடித்துப் பின்சுவரின் இரு பக்கமும் பார்த்தார். முன்பக்கம் எங்கும் பொடிப்பொடியாகக் குழிகள். பின்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. ஒரு துளைகூட இல்லை. "தாங்கிடுச்சு!" என்று அவர் கத்தினார். தாண்டக் கூடாது என்ற விதி அத்துடன் முடிந்ததால் அந்த அம்மா ஓடி வந்து அவர் கையிலிருந்த டார்ச்சைப் பிடுங்கித் தானும் பார்த்தார். வெளியே ஊர் ஜனம் வீட்டுக்குப் போய் அண்டாத் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றியது. மூன்று பேர் ஏறிப் போகும் விண்கலத்துக்கு அந்தக் கவசம் தகுதியானது என்று இயக்குநர் அன்றே சான்று எழுதினார். விண்கலம் போய்விட்டுத் திரும்பியும் வந்துவிட்டது. மூன்று பேரும் சௌக்கியம்.

அறிக்கையில் ஒரே ஒரு கட்டம் மட்டும் பாக்கி இருந்தது. பின்சுவரில் விழுந்த குழிகளைச் சுடுகிறவரும் பொருத்துகிறவரும் தனித்தனியாக எண்ண வேண்டும், இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். தகட்டுக்காரர் எண்ணியதில் முந்நூற்றுப் பன்னிரண்டு வந்தது. பொத்தான்காரம்மா எண்ணியதில் முந்நூற்று ஒன்பது. அவர் சொல்கிற மூன்றும் குழி இல்லை, பழைய கீறல் என்றார் அந்த அம்மா. கீறலுக்கும் குழிக்கும் வித்தியாசம் தெரியாமலா பத்தொன்பது வருடமாகத் தகடு பொருத்துகிறேன் என்றார் அவர். இயக்குநர் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, 'துளை இல்லை. குழிகளின் எண்ணிக்கை பேச்சுவார்த்தையில் உள்ளது' என்று எழுதிக் கோப்பை மூடினார். பின்சுவர் அவர்கள் ஹாலிலேயே இருக்கிறது. சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் இருவரும் ஆளுக்கொரு பூதக்கண்ணாடியோடு அதன் எதிரே உட்கார்ந்துவிடுகிறார்கள். போன வாரம்வரை அந்த அம்மா முந்நூற்று ஒன்பதில்தான் நிற்கிறார், அவர் முந்நூற்றுப் பன்னிரண்டில்தான் நிற்கிறார். சத்தம் தண்ணீர்த் தொட்டி தாண்டி அடுத்த தெருவரை கேட்கிறது.